ஒட்னி துவைத்த கோட்டு

என் தம்பி பெண்டாட்டி ஒட்னிக்கு இந்த மே மாதம் எண்பது முடிகிறது. காது கொஞ்சம் மந்தம். அதனால் முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள். முன்பெல்லாம் அவள் பேசினால் பக்கத்துத் தீவுக்குக் கேட்கும். இப்போது பக்கத்துத் தீவிலிருந்து பதிலே வருகிறது. அவள் கதையை அவளே சொன்னால் பெருமை முழுவதையும் தன் தட்டிலேயே போட்டுக்கொள்வாள். அதனால் நான் சொல்கிறேன். நான் யோர்டிஸ், ஆர்ன்ஃபினின் அக்கா. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. எனக்கும் வாய் உண்டு, ஆனால் ஒட்னிக்கு முன்னால் என் வாயெல்லாம் ஒரு வாயா?

வடக்கே குளிர்கடல் நடுவில் இருக்கும் எங்கள் தெர்னோயா தீவுக்கு அவள் வந்தது எழுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பரில். அதற்கு முன் பெரிய தீவின் மீன் இறங்குதுறையில் வேலை. அங்கே ஒருநாள் ஒலிபெருக்கி கெட்டுப்போனது. எந்தப் படகு எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று கூவிச் சொல்ல, மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒட்னியை ஒரு பீப்பாய் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் பதினான்கு வருஷம் அந்த ஒலிபெருக்கியை யாரும் பழுது பார்க்கவேயில்லை.

என் தம்பி நேர் எதிர். முப்பத்தைந்து வயதுவரை அவன் பேசிய வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதினால் பாதிக் காகிதம் மிச்சமிருக்கும். மீன் இறக்கப் போகும்போதெல்லாம் இவளைப் பார்த்திருக்கிறான். மூன்று கோடை சும்மா பார்த்துவிட்டு, நான்காம் கோடையில் "என்னோட வர்றியா?" என்று கேட்டிருக்கிறான். "எங்க?" என்று இவள் திருப்பிக் கேட்டது துறையில் நின்ற பதினேழு படகுக்கும் கேட்டது. "தீவுக்கு" என்றானாம். "கல்யாணம் பண்ணிக்கிட்டா, இல்ல சும்மாவா?" இதுவும் பதினேழு படகுக்கும் கேட்டது. பாவம், அதற்கப்புறம் அவன் எங்கே பின்வாங்குவது?

எனக்குப் பிடிக்கவில்லை, ஒளிப்பானேன். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவள் தொண்டை மேல்தான். எங்கள் பிழைப்பு அப்படி.

குளிர்காலம் முழுவதும் நாங்கள் வாத்துகளுக்கு வீடு கட்டுவோம். கடல் ஒதுக்கிய பலகை, கல், கவிழ்த்துப் போட்ட பழைய படகு, எது கிடைத்தாலும் சரி. உள்ளே காய்ந்த கடற்பாசியை உதறி மெத்தை போடுவோம். ஏப்ரலில் ஈடர் வாத்துகள் குடாவுக்கு வந்து சேரும். ஆண் வாத்து எப்போது பார்த்தாலும் "ஆ...ஊ" என்றுதான் கூவும், அடுத்த வீட்டுச் சங்கதியை அப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி. பெண் வாத்து கரையேறி, வீடு வீடாக எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, கடைசியில் ஒன்றில் நுழையும். தன் மார்பிலுள்ள மெத்தென்ற தூவி இறகைப் பிடுங்கிப் போட்டு அதன்மேல் முட்டையிட்டுக் குந்தும். குஞ்சுகளோடு அது கடலுக்குப் போன பிறகு அந்தத் தூவியை எடுத்துச் சுத்தம் செய்து போர்வை தைப்போம். நாங்கள் வீடு தருகிறோம், அது வாடகை தருகிறது.

இந்தக் குடித்தனத்துக்கு அப்பா சில சட்டங்கள் வைத்திருந்தார். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை சுத்தியல் தட்டக்கூடாது. நாய் கூடாது. ஓடக்கூடாது. கொடியில் துணி காயப்போடக்கூடாது. புது உடுப்பு கூடவே கூடாது, ஏனென்றால் வாத்து போன வருஷம் எந்த உடுப்பில் நம்மைப் பார்த்ததோ அதே உடுப்பில்தான் இந்த வருஷமும் பார்க்கவேண்டும். உரக்கப் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, குந்தியிருக்கிற வாத்தை எக்காரணம் கொண்டும் எழுப்பக்கூடாது. வீடு தீப்பிடித்தால்கூட முதலில் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்பார்.

அப்பா காலத்தில் இருநூறு கூடு இருந்தது. ஆலாக்கள் அதைவிட அதிகம். வாலில் கத்தரிக்கோல் வைத்த அந்த வெள்ளைப் பறவைகள் நாளெல்லாம் தலைக்கு மேல் கத்தி, யார் போனாலும் மண்டையில் கொத்தும். ஒரு வருஷம் நீர்க்கீரி ஒன்று நீந்தி வந்து ஆலா முட்டையையெல்லாம் தின்று தீர்த்தது. ஆர்ன்ஃபின் அதைப் பொறி வைத்துப் பிடித்துவிட்டான். ஆனாலும் ஆலாக்கள் கோபித்துக்கொண்டு போனவைதான், திரும்பவில்லை. ஒட்னி வந்தபோது மூன்று வருஷமாகத் தீவு கப்சிப். அந்த வருஷ வசந்தத்தில் வாத்துக் கூடு வெறும் பதினொன்று.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்ன்ஃபின் ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தான். தீவை விட்டுப் பெரிய தீவுக்குக் குடிபெயர்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் படிவம். மே கடைசி நாள் வரும் தபால் படகோடு தவணை முடிகிறது.

"பத்துக் கூடு வந்தா கிழிச்சுப் போடுறேன். வரலன்னா அனுப்பிடுறேன்" என்றான். ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அதனால் விளையாட்டில்லை என்று புரிந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் பிறந்தது அந்த வீட்டின் சமையலறையில். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி கோணிக்கொண்டு விழுந்தது. அவன் அதை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் பிறந்ததும் ஒட்னியை உட்காரவைத்துச் சட்டம் சொன்னேன்.

"பதினோரு வாரமா? பதினோரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் வெடிச்சுப் போயிடுவேன் யோர்டிஸ்!"

"வெடிக்கிறதா இருந்தா ஜூலையில வெடி."

"குசுகுசுன்னு பேசலாமா?"

"நீ குசுகுசுத்தாலே கண்ணாடி அதிருது. சிலேட்டுல எழுது."

சும்மா சொல்லக்கூடாது, அவளும் முயற்சி செய்தாள். சிலேட்டில் எழுதினாள். எழுத்தையும் பெரிது பெரிதாகத்தான் எழுதினாள். தாங்க முடியாதபோது துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு பாறைத்திட்டுக்கு அப்பால் நடுக்கடலுக்குப் போய்க் கத்திவிட்டு வருவாள். ஒருநாள் தபால் படகுக்காரன் கொல்பெய்ன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ மூழ்குகிறார்கள் என்று எஞ்சினை முடுக்கிக்கொண்டு பறந்து வந்திருக்கிறான்.

"என்ன ஆச்சு? யாரு விழுந்தா?"

"ஒண்ணுமில்லப்பா, பேசிக்கிட்டு இருந்தேன்."

"யார்கூட?"

"ஆளில்லாமதான் இருந்தேன். இப்ப நீ வந்துட்டியே, உக்காரு!"

அன்றைக்குத் தபால் இரண்டு மணி நேரம் தாமதம்.

இப்படி வாயைக் கட்டி உட்கார்ந்தவள் கையைச் சும்மா வைத்திருப்பாளா? ஏப்ரல் இருபதாம் தேதி. ஆர்ன்ஃபின் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய்த் துணி உடுப்போடு வலை இழுக்கப் போயிருந்தான். நான் வடக்குக் கரையில் மெத்தை போட்டுக்கொண்டிருந்தேன். குடாவில் அறுபது வாத்து வந்து "ஆ...ஊ" என்று வம்பளந்துகொண்டிருந்தன. வீட்டில் தனியாக இருந்த ஒட்னி அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறாள்.

அது அப்பாவின் கோட்டு. அவருக்குப் பின் இவன் போட்டான். மொத்தம் முப்பத்தோரு வசந்தம், ஒரு தடவைகூடத் தண்ணீர் காட்டியதில்லை. ஆணியில் மாட்டவேண்டாம், மூலையில் வைத்தால் தானே நிற்கும். சேறு, மீன் செதில், புகையிலை, வாத்து எச்சம் எல்லாம் ஏறி, நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, பாறை மாதிரி இருக்கும். 'புருஷனை இந்தக் கோலத்தில் அலையவிட்டால் என்னைத்தானே சொல்வார்கள்' என்று புதுப் பெண்டாட்டிக்குத் தோன்றியிருக்கிறது. பையிலிருந்த படிவத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பச்சை சோப்பும் கொதி தண்ணீருமாகத் துவைத்திருக்கிறாள். முதல் தண்ணீர் காபி நிறம், இரண்டாவது தேநீர் நிறம், ஐந்தாவதுதான் தண்ணீர் நிறமாம். வாய்க்கான சட்டத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தவள், கொடிச் சட்டத்தை மறந்து, பிழிந்து கொடியில் போட்டு, காய்ந்ததும் படிவத்தை மறுபடி பையில் வைத்து, சுருக்கம் போக அதையும் சேர்த்து இஸ்திரி போட்டு, சோப்பு வாசனை போக மறுபடி கொடியில் மாட்டியிருக்கிறாள்!

நான் திரும்பி வந்தபோது கோட்டு கொடியில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. நீல நிறம். பளீரென்ற நீலம். அப்பாவின் கோட்டு நீலம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். குடாவைப் பார்த்தேன். ஒரு வாத்து இல்லை. அறுபதும் பாறைத்திட்டுக்கு அப்பால் போய் மிதந்துகொண்டிருந்தன.

ஆர்ன்ஃபின் வந்தான். கோட்டைப் பார்த்தான். "நீலம்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கரையில் நடந்தான். வாத்துகள் இன்னும் தள்ளிப் போயின. கழற்றிவிட்டு வெறும் கம்பளிச் சட்டையோடு நடந்தான். கோட்டில்லாத அந்த மனிதனையும் அவற்றுக்குத் தெரியவில்லை. அவன் ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, முப்பத்தோரு வருஷம் சேர்த்த அழுக்கை ஒரே மத்தியானத்துல அழிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டேன். மெல்லிய குரலில்தான் கேட்டேன், சட்டம் சட்டம்தானே. ஒட்னி சிலேட்டைக்கூட எடுக்கவில்லை. முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஒட்னி சத்தமில்லாமல் அழுதால் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

அடுத்து நாங்கள் செய்த காரியத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். கோட்டைத் திரும்பவும் அழுக்காக்குவது என்று முடிவானது. வாசலை ஒட்டி பூட்ஸ் கழற்றும் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு மரப்பெட்டியில் காய்ந்த கடற்பாசியைப் பரப்பி, அதன்மேல் கோட்டைச் சுருட்டி வைத்தோம். ஆர்ன்ஃபின் மீன் எண்ணெய் ஊற்றினான். நான் புகையிலைக் குழாய்ச் சாம்பலைத் தூவினேன். ஒட்னி தூண்டில் இரை ஊறிய வாளித் தண்ணீரைத் தெளித்தாள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். ஆனால் நீலம் மட்டும் அசையவில்லை. "ஊறட்டும்" என்றேன். வாசல் கதவைத் திறந்தே வைத்தோம், இல்லாவிட்டால் வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியாது. அந்த அவசரத்தில் படிவத்தை யாரும் நினைக்கவேயில்லை.

மே ஏழாம் தேதி. ஒரு கூடுகூட இல்லை. நல்ல வெயில். ஒட்னி வாசல் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் இருந்தேன். அப்போது ஒற்றைப் பெண் வாத்து கரையேறி ஆடி ஆடி வந்தது. அசையாதே என்று ஒட்னிக்குக் கையைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மேலே அண்டங்காக்கை ஒன்று வட்டமிட்டுக்கொண்டு இறங்கியது. வாத்து எங்கே போய் உட்காருகிறதோ அங்கே முட்டை வரும் என்று அதற்குத் தெரியும், படுபாவிக்கு. வாத்தும் நிமிர்ந்து பார்த்தது. திரும்பிக் கடலைப் பார்த்தது. போச்சு, போகப்போகிறது என்று நினைத்தேன்.

ஒட்னி எழுந்து நின்றாள்.

"அடேய் கருமூஞ்சி! போடா அந்தாண்ட! இங்க இறங்கினே, இந்த உருளைக்கிழங்கோட சேர்த்து உன் தோலையும் உரிச்சிடுவேன்!"

மூன்று வாரமாக அடக்கிவைத்த குரல். அண்டங்காக்கை காற்றிலேயே ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டுப் பெரிய தீவுப் பக்கம் பறந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, கடைசி வாத்தும் ஐஸ்லாந்துக்கே ஓடிவிடும் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

வாத்து ஓடவில்லை. கழுத்தைச் சாய்த்து ஒட்னியை ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் நேரே அவளிடம் நடந்து வந்து, அவள் கால் பெருவிரலை மிதித்துக்கொண்டு, வாசல் படியேறி, பூட்ஸ் அறைக்குள் போய், பெட்டியில் ஏறி, கோட்டின் மேல் உட்கார்ந்தது.

ஒட்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்து சட்டென்று தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. எழுந்திருக்கப் போவது போல் இருந்தது. ஆர்ன்ஃபின் அப்போதுதான் படகுக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து நின்றான். ஆம், ஓடித்தான் வந்தான்.

"பேசு" என்றான்.

"என்னது?" ஒட்னி விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்.

"ஆலா எங்க கத்துதோ அங்கதான் வாத்து குந்தும். நம்ம தீவுல கத்துறதுக்கு ஆளில்ல. பேசு ஒட்னி."

நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா சட்டம் போட்ட காலத்தில் தலைக்கு மேல் ஐந்நூறு ஆலா நாள் பூராவும் திட்டிக்கொண்டிருந்தது. அண்டங்காக்கை கிட்டே வராது. மனிதன் பேசாமல் இருந்தால் போதும், காவலை ஆலா பார்த்துக்கொண்டது. ஆலா போன பிறகும் நான் அதே சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாயில்லாத வீட்டில் எந்த வாத்து குடிவரும்? இது என் தம்பிக்கே அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது, எனக்கு அவன் சொன்ன பிறகும் பாதிதான் ஏறியது.

ஒட்னி பேச ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவேயில்லை. மீன் துறைக் கதை, அவள் அத்தையின் மூன்று கல்யாணக் கதை, நான் போடும் காபியின் லட்சணம், எல்லாவற்றையும் வாத்துக்குச் சொன்னாள். தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அது தலையைத் தூக்கும். மறுபடி ஆரம்பித்தால் தலையைத் தூவிக்குள் புதைத்துக்கொள்ளும். ஐந்து முட்டை போட்டுக் குந்திவிட்டது. மே பதினேழு, நாட்டுக்கே திருநாள், அவள் வாசலில் நின்று மூன்று தடவை "ஹுர்ரா" போட்டாள். எங்கள் தீவில் அந்த நாளில் யாராவது ஹுர்ரா போட்டது அதுதான் முதல் தடவை. வாத்து அசையவில்லை. அதைப் பார்த்து மற்றதுகளும் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. படிக்கு அடியில் ஒன்று, விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒன்று, ஆர்ன்ஃபினின் சின்னப் படகுக்குள் ஒன்று. எல்லாம் ஒட்னியின் குரல் எட்டும் தூரத்தில். நான் நாள் முழுக்க மூச்சுக்கூட விடாமல் காத்த வடக்குக் கரை வீடுகளில் ஈ காக்கை இல்லை. எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

மே கடைசி நாளும் வந்தது. எண்ணிப் பார்த்தோம், எட்டுக் கூடு. பத்து இல்லை. கொல்பெய்னின் படகு துறையில் வந்து ஊதியது. ஆர்ன்ஃபின் சொன்ன சொல் தவறாதவன், அதுதான் அவனிடம் உள்ள கெட்ட குணம். பூட்ஸ் அறை வாசலில் வந்து நின்றான்.

"படிவம் கோட்டுப் பையில இருக்கு" என்றான்.

கோட்டு வாத்துக்கு அடியில் இருந்தது. வாத்து அவனைப் பார்த்தது. ஒட்னி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்தான். கையை நீட்டினான். வாத்து அசையாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்குற?" என்றேன். "குந்தியிருக்கிற வாத்தை எழுப்பக்கூடாது. அப்பா சொன்னது. வீடு தீப்பிடிச்சாலும்!"

"அப்பாவோட மத்த சட்டமெல்லாம்?"

"அதெல்லாம் போகட்டும். இது ஒண்ணு இருக்கட்டும்."

என் தம்பி கையை எடுத்துக்கொண்டான். சிரித்தான். அவன் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியே கொல்பெய்ன் மறுபடி ஊதினான். "தபால் இல்லடா, போ!" என்று ஒட்னி உள்ளே இருந்தபடியே சொன்னாள். துறையில் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. படகு போய்விட்டது.

ஜூன் முதல் வாரம் அந்த வாத்து ஐந்து குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. அதற்குள் கூடு பதின்மூன்றாகியிருந்தது. பெட்டியில் பார்த்தால் படிவம் முட்டை ஓடும் எச்சமுமாகக் கூழாகிக் கிடந்தது, எங்கள் மூன்று பேர் கையெழுத்தும் போன இடம் தெரியவில்லை. கோட்டும் பழைய நிறத்துக்கு, பழைய நாற்றத்துக்கு வந்துவிட்டது. ஆர்ன்ஃபின் அதை அப்படியே எடுத்து மாட்டிக்கொண்டான். இன்றைக்கும் வசந்தம் வந்தால் அதைத்தான் போடுகிறான்.

அடுத்த ஏப்ரலில் நான் ஒட்னியிடம் போய் நின்றேன். கேட்க வாய் வரவில்லை. கடைசியில், "வடக்குப் பக்கமும் வீடு சும்மா கிடக்கு. நீ கொஞ்சம் வந்து பேசிட்டுப் போயேன்" என்றேன்.

"தனியா பேசினா பைத்தியம்னுவாங்க. நீயும் வா அக்கா" என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பேச எங்களுக்கு என்ன இருக்கிறது? சண்டைதான் போட்டோம். தினமும் காலையில் ஃபிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு வடக்குப் பாறைக்குப் போய் இரண்டு மணி நேரம் சண்டை. அந்த வருஷம் வடக்கில் ஆறு கூடு. ஐந்து வருஷம் கழித்து ஆலாக்களும் திரும்பி வந்தன. இனி நீங்கள் போகவேண்டியதில்லை என்று ஆர்ன்ஃபின் சொன்னான். நாங்கள் கேட்கவில்லை.

நேற்றும் போனோம். எனக்கு மூட்டு வலி, அவளுக்குக் காது மந்தம். புதிதாகச் சண்டை போட ஒரு விஷயமும் அகப்படவில்லை. அதனால் பழையதையே எடுத்தோம்.

"அழுக்குக் கோட்டைத் துவைச்சது ஒரு தப்பா?" என்று கத்தினாள்.

"தப்புதான்டி! பெரிய தப்பு!" என்று நானும் கத்தினேன்.

"என்ன? கேக்கல! இன்னும் சத்தமா சொல்லு!"

சொன்னேன். பாறைக்குப் பின்னால் குந்தியிருந்த வாத்து தலையைத் தூவிக்குள் புதைத்துக்கொண்டது.